பழம் ‘பயம்’ ஆகும் பருவம்

இரண்டரை வயதுக் குழந்தை குசினி வாசலில் வந்து நின்று, “அம்மா, பயம் வேணும்” என்று கேட்கிறது. அச்சத்தை வேண்டிப் பெறுவார் உலகில் எவருமிலர். கேட்டது பழம் என்பதை வீட்டிலுள்ளார் அனைவரும் அறிவர். சிரித்துக்கொண்டே ஒரு கதலிப்பழத்தை உரித்துக் கையிற் கொடுப்பர். அந்தச் சிரிப்பிலே அன்பு இருக்கிறது. குழந்தையும் சேர்ந்து சிரிக்கிறது. அதே பிள்ளை ஆறு வயதில், முப்பது நாற்பது பிள்ளைகள் நிறைந்த வகுப்பறையில் எழுந்து நின்று அதே சொல்லை அவ்வாறே சொல்லும்பொழுது எழுகின்ற சிரிப்பு வேறு வகையினது. அதிலே பிள்ளை சேர்ந்துகொள்வதில்லை.

வடமராட்சியிலிருந்து ஒரு தாயார் எமக்கு எழுதியுள்ள கடிதம் இதனையே கூறுகின்றது. அவருடைய மகன் முதலாம் வகுப்பிற் படிக்கிறான். வீட்டிலே ஓயாது பேசுவான். வாசிப்புப் பாடத்தின்போது ஒருநாள் ‘கோழி’ என்ற சொல்லைக் ‘கோயி’ என்று வாசித்தான். ஆசிரியை அவனை நிறுத்தி மூன்று முறை திருப்பிச் சொல்லச் செய்தார். மூன்று முறையும் கோழி கோயியாகவே வந்தது. வகுப்புச் சிரித்தது. அன்று தொடக்கம் அவனுக்குப் பாடசாலையிற் ‘கோயி’ என்பதே பெயராயிற்று. இப்பொழுது பாடசாலைக்குப் போகிறான், வருகிறான். அங்கே வாய் திறப்பதில்லையாம். “நாக்கிலே குறையோ, அல்லது நான் வளர்த்ததிலே குறையோ?” என்று அத்தாயார் கேட்டிருக்கிறார்.

பெரும்பாலும் இரண்டும் அல்ல என்பதே எமது விடை. ஆயினும் அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லுக்குள் அடங்காத பிள்ளைகளும் உளர். ஆதலின் இப்பொருளை இவ்வாரம் சற்று விரிவாகவே எடுத்துக்கொள்வோம்.

வள்ளுவர் மக்கட்பேற்றைப் பாடுமிடத்து மழலைச் சொல்லுக்கென்றே ஒரு குறளை ஒதுக்கினார். அங்கே அவர் எடுத்தாளும் குழல், யாழ், மழலை என்ற மூன்று சொற்களிலும் ழகரம் அமைந்திருப்பதை மாணவ நேயர்கள் கவனித்திருப்பார்கள். மழலை பேசும் குழந்தைக்கு மழலை என்ற சொல் வராது. குழந்தை என்ற சொல்லும் வராது. தான் பேசும் மொழியின் பெயரும் வராது. தமிழ்ப் பிள்ளைக்கு வாய்த்த சோதனை இது!

ஓர் ஒலி எளிதாவதும் அரிதாவதும் ஏன்? தாயின் மடியிற் கிடக்கும் குழந்தை அவள் வாயையே பார்த்துக்கொண்டிருக்கிறது. உதடுகள் கூடிப் பிரிவது கண்ணுக்குத் தெரிகிறது. அம்மா, அப்பா, மாமா என்ற சொற்கள் முந்தி வருவதற்கு அதுவும் ஒரு காரணம். தகரமும் நகரமும் பல்லோடு ஒட்டிப் பிறப்பவை. அவையும் விரைவில் வந்துவிடுகின்றன. ககரம் தொண்டைப் பக்கத்தில் மறைவாகப் பிறப்பது; சில பிள்ளைகளுக்கு அது சற்றுப் பிந்தும். ழகரத்தின் நிலையோ இவை எல்லாவற்றினும் கடினமானது. நாநுனி மேலே எழுந்து பின்னோக்கி வளையவேண்டும். ஆனால் எங்கும் முட்டலாகாது. சுவரைத் தொடுவது எவர்க்கும் எளிது. சுவருக்கு ஒரு நூலளவு இடைவெளியிற் கையை நிறுத்தி வைத்திருப்பது எளிதன்று. பேச்சின் ஓட்டத்திலே, ஒரு கணத்தில், வாய்க்குள்ளே மறைவாக இதனைச் செய்ய வேண்டியிருக்கிறது. ஆறு வயதுப் பிள்ளை ஒன்று இதிலே தடுமாறினால் நாம் வியப்படையக் காரணமில்லை.

மொழியியலறிஞர் ரோமன் யாக்கப்சன் 1941ஆம் ஆண்டிலேயே, குழந்தைகள் ஒலிகளைப் பெறுவதில் ஓர் ஒழுங்கு உண்டென்று எழுதினார். பிற்கால ஆய்வாளர் அவ்வொழுங்கு அவர் எண்ணிய அளவுக்கு இறுக்கமானதன்று, பிள்ளைக்குப் பிள்ளை வேறுபடும் என்று கண்டனர். ஷாரின் மக்லியோட், கத்ரின் குரோ என்ற இருவர், 27 மொழிகளிற் பிள்ளைகளின் மெய்யொலிகளைப் பற்றி நடந்த ஆய்வுகளைத் திரட்டி 2018இல் ஒரு கட்டுரை வெளியிட்டனர். ஐந்து வயதளவிலே பிள்ளைகள் தத்தம் மொழியின் மெய்யொலிகளில் நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேற்பட்டவற்றைச் சரியாக ஒலிக்கின்றனர் என்பதும், மூக்கொலிகளும் தடையொலிகளும் முந்தி வர, நா துடித்துப் பிறக்கும் ரகர வகைகளும் உரசிப் பிறக்கும் சகர வகைகளும் பிந்தி வருகின்றன என்பதும் அவர்கள் கண்ட முடிவு. மிச்சமுள்ள சில ஒலிகளுக்கு இன்னும் ஓரிரண்டு ஆண்டுகள் வேண்டியிருக்கலாம். இரண்டரை வயதில் ‘பயம்’ கேட்கும் குழந்தையைத் திருத்த முனைவது, பூக்காத மாமரத்தின் கீழே கூடையோடு நிற்பதை ஒக்கும்.

பிள்ளை தவறாகச் சொல்வது கவனக்குறைவினால் என்று பலர் நினைக்கின்றனர். ஒரு கிழமைக்கு ஒரு சிறு கொப்பியில் உங்கள் பிள்ளை சொல்லும் சொற்களை அப்படியே எழுதி வாருங்கள். காகத்தைத் ‘தாதம்’ என்கின்ற பிள்ளை கத்தரிக்காயைத் ‘தத்தரித்தாய்’ என்னும். கதவைத் ‘ததவு’ என்னும். சோறு ‘தோறு’ ஆனால் சீனி ‘தீனி’ ஆகும். மழை ‘மயை’ ஆனால் வாழை ‘வாயை’ ஆகும். எங்கெங்கே க வருகிறதோ அங்கெல்லாம் த. எங்கெங்கே ழ வருகிறதோ அங்கெல்லாம் ய. இலக்கணம் படியாத அப்பிள்ளை தனக்கென்று ஒரு விதியை வகுத்துக்கொண்டு, அதை நம்மினும் ஒழுங்காகக் கைக்கொள்கிறது. இக்கொப்பி பின்னர் மிகவும் பயன்படும். எத்தனை ஒலிகள் மாறுகின்றன, எவ்வெவ்விடத்தில் மாறுகின்றன என்பதை அது ஒன்றே காட்டும். “பிள்ளைக்கு ஒன்றும் சரியாய்ச் சொல்ல வராது” என்று கவலைப்பட்ட தாய், எழுதிப் பார்த்தபின், மாறுவது ஓர் ஒலிதான் என்று கண்டு ஆறுதலடைவதும் உண்டு.

இன்னுமொன்று. பிள்ளையின் வாய் திருந்துமுன் அதன் காது திருந்திவிடுகிறது. ஜீன் பேர்க்கோ, றொஜர் பிறவுண் என்ற அமெரிக்க அறிஞர் இருவர் 1960இல் எழுதியதொன்று இதற்கு நல்ல சான்று. ஒரு சிறுவன் தன் விளையாட்டு மீனை, ஆங்கிலத்தில் ‘ஃபிஷ்’ என்று சொல்ல வராமல், ‘ஃபிஸ்’ என்று சொன்னான். பெரியவர் ஒருவர், “இது உன்னுடைய ஃபிஸ்ஸா?” என்று கேட்டார். “இல்லை, என்னுடைய ஃபிஸ்” என்று மறுத்தான். மீண்டும் மீண்டும் கேட்டும் மறுத்தான். “உன்னுடைய ஃபிஷ்ஷா?” என்று சரியாகக் கேட்டபொழுதுதான், “ஓம், என்னுடைய ஃபிஸ்” என்று ஒப்புக்கொண்டான். தன் வாயில் வராத ஒலியைப் பிறர் வாயில் அவன் எதிர்பார்த்தான். நம் வீடுகளிலே அம்மம்மாமார் பேரப்பிள்ளையோடு கொஞ்சும்பொழுது, “பயம் வேணுமோ என்ரை குஞ்சுக்கு?” என்று அதன் மொழியையே திருப்பிப் பேசுகிறார்கள். அன்பினாற் செய்வதை நாம் குறைகூறவில்லை. ஆனால் குழந்தையின் காது பழம் என்ற ஒலிக்காகக் காத்திருக்கிறது. அதனை யார் கொடுப்பது?

கொடுக்கும் முறை மிக எளிது. “அம்மா, பயம் வேணும்” என்றால், “பழமோ ராசா? இந்தா, பழம். நல்ல பழம்” என்று சொல்லிக் கொடுங்கள். “அப்பிடிச் சொல்லக்கூடாது, பழம் எண்டு சொல்லு பாப்பம்” என்று பழத்தைக் கையில் மறைத்து வைத்துக்கொண்டு நிற்கவேண்டாம். முன்னையதிற் பிள்ளை பழத்தையும் சொல்லையும் ஒருங்கே பெறுகிறது. பின்னையதிற் கேட்பதற்கே அஞ்சக் கற்றுக்கொள்கிறது.

இங்கே நம் வீட்டுப் பேச்சைப் பற்றியும் உண்மையைச் சொல்லிவிட வேண்டும். யாழ்ப்பாணத்துப் பேச்சிற் பலரிடம் ழகரம் ளகரமாகவே ஒலிக்கின்றது. பழம் ‘பளம்’, மழை ‘மளை’, யாழ்ப்பாணமும் ‘யாள்ப்பாணம்’. தமிழ்நாட்டின் தென்பகுதியிலும் இப்படித்தான். சென்னைத் தெருக்களிலோ ழகரத்தை யகரமாக்கி ‘வாயப்பயம்’ என்பதைக் கேட்கலாம். நம் பிள்ளையின் ‘பயம்’ அங்கே வளர்ந்தவர்களின் வழக்காகவே இருக்கிறது. எனவே, தாயும் தந்தையும் மாமனும் மளை என்று சொல்லும் வீட்டில் வளரும் பிள்ளை மளை என்று சொன்னால் அது குறையன்று. கேட்டதைச் சரியாகக் கற்றிருக்கிறது. அதனை நோயாக எண்ணி வைத்தியரிடம் ஓடுவது வீண். ஆயினும் அப்பிள்ளை எழுதத் தொடங்கும்பொழுது கிழவியையும் கிளவியையும், வழியையும் வளியையும் மாற்றி எழுதும். ஒலி காதில் வேறுபடாவிட்டால் எழுத்துக் கையில் எவ்வாறு வேறுபடும்? தாங்கள் பேசாத ழகரத்தைப் பிள்ளையிடம் கேட்கும் பெற்றோர், கதை வாசித்துக் காட்டும் நேரத்திலேனும் அதனைச் செம்மையாக ஒலிக்கவேண்டும். அந்தப் பத்து நிமிடம் பிள்ளைக்கு மட்டுமன்று, அவர்களுக்கும் பயிற்சியே.

நம் ஊர்ப் பேச்சிற் குறை மட்டும் இருப்பதாக எவரும் எண்ணவேண்டாம். காற்று, நேற்று என்ற சொற்களில் வரும் இரட்டை றகரத்தை யாழ்ப்பாணத்தார் நாநுனியை மேற்பல்லின் அடிக்கு மேலே அழுத்தி ஒலிப்பர். ஆங்கிலத்தில் தேநீரைக் குறிக்கும் சொல்லை ‘ரீ’ என்றும், தொலைபேசியை ‘ரெலிபோன்’ என்றும் நாம் எழுதுவதும் இவ்வொலி நம் நாவிற் பழகியிருப்பதனாலேயே. தொல்காப்பியர் பிறப்பியலில், நாவின் நுனி எழுந்து அண்ணத்தைத் தொட்டு நிற்க றகரமும் னகரமும் பிறக்கும் என்றும், தொட்டும் தொடாமலும் தடவிச் செல்ல ரகரமும் ழகரமும் பிறக்கும் என்றும் பிரித்துக் கூறியுள்ளார். நம் இரட்டை றகரம் அவர் சொன்ன இலக்கணத்தோடு பொருந்தி நிற்கிறது. லகர ளகரங்களை அவர் நாவின் விளிம்போடு சேர்த்தார். கண்ணாடியும் கருவியும் இன்றித் தம் வாயையே ஆய்ந்து அவர் கண்டவை இவை. பாலர் வகுப்பு ஆசிரியர்கள் பிறப்பியலைப் பரீட்சைக்காகப் படித்து மறந்துவிடாமல், பிள்ளையின் வாயை நினைத்துக்கொண்டு மீண்டும் ஒருமுறை படித்தால் நலம். ழகரத்தை ரகரத்தின் பக்கத்தில் அவர் வைத்திருப்பதே ஒரு பாடம்: ரகரம் இன்னும் வராத பிள்ளையிடம் ழகரத்தைக் கேட்டு வருத்தலாகாது.

இனிப் பயிற்சிக்கு வருவோம். நான்கரை ஐந்து வயதுக்குப் பின், பிள்ளைக்கு விருப்பமிருந்தால், நாளொன்றுக்கு ஐந்து நிமிடம் போதும். பத்து நிமிடமானால் விளையாட்டுப் பாடமாகிவிடும். பாடமானாற் பிள்ளை ஓடிவிடும்.

முதலிற் காதுக்கு வேலை கொடுங்கள். இரண்டு அட்டைத் துண்டுகளை எடுத்து, ஒன்றில் மாம்பழமும் மற்றதில் அஞ்சிய முகமும் வரைந்துகொள்ளுங்கள். நீங்கள் ‘பழம்’ என்றால் பிள்ளை பழ அட்டையைத் தொடவேண்டும். ‘பயம்’ என்றால் முகத்தைத் தொடவேண்டும். தவறாமற் தொட்டால் காது ஆயத்தமாகிவிட்டது. பின்பு முறையை மாற்றிப் பிள்ளை சொல்ல நீங்கள் எடுத்துக் கொடுங்கள். அது பழத்தை நினைத்துப் ‘பயம்’ என்று சொன்னால், சிரிக்காமல், திருத்தாமல், அஞ்சிய முகத்தையே கொடுத்துவிடுங்கள். பிள்ளை திகைக்கும். தான் சொன்னது தான் நினைத்ததன்று என்பதை அதுவே கண்டுகொள்ளும். எத்தனை முறை “பிழை, பிழை” என்று சொன்னாலும் உண்டாகாத விழிப்பு அந்த ஒரு திகைப்பிலே உண்டாகும். லகர ளகரங்களுக்குப் புலியும் புளியும், பல்லியும் பள்ளியும் உதவும். இது விளையாட்டு நேரத்திற்கு மட்டும் உரியது என்பதை மறவாதீர்கள். பசித்து வந்து பழம் கேட்கும் பிள்ளைக்கு அட்டையைக் காட்டுவது கொடுமை.

அடுத்து நாவுக்கு. முகம் பார்க்கும் கண்ணாடி முன்னே பிள்ளையைப் பக்கத்தில் இருத்திக்கொண்டு, வாயை நன்கு திறந்து ‘ஆ’ என்று நீட்டிச் சொல்லச் செய்யுங்கள். ஒலி நிற்காமற் போய்க்கொண்டிருக்க, நாநுனியை மெல்ல உயர்த்திப் பின்னோக்கி வளைக்கச் சொல்லுங்கள். ‘நாக்குப் பூனை கூரைக்குக் கீழே முதுகை வளைக்கிறது, கூரையில் முட்டக்கூடாது’ என்று சொன்னாற் பிள்ளைக்கு விளங்கும். நா உயரும்பொழுது ஆகாரம் தானாகவே தன் நிறம் மாறி ‘ஆழ்’ என்று முடியும். முதன்முறை அது கேட்டவுடன் கைகொட்டுங்கள். ஆனால் உடனே கோழிக்குப் போய்விடாதீர்கள். ஆழ், ஈழ், ஊழ் என்று சில நாள். அதன்பின் ழகரம் ஈற்றில் வரும் யாழ், கூழ், தமிழ். ஈற்றிலே நின்றாற் பிள்ளை அதனை விரும்பிய மட்டும் நீட்டிப் பார்க்கலாம். ஆதலின் அதுவே எளிது. பின்னர் மழை, பழம், கோழி. அதற்கும் பின்னர் கொழுக்கட்டை, பழப்புளி, கறுத்தக்கொழும்பான். எல்லாம் கைகூடிய பின்னரே ‘மழையில் நனைந்த கோழி கூழ்ப் பானைக்குக் கிழக்கே நிற்கிறது’ என்பது போன்ற வேடிக்கை வசனங்கள். நாவைச் சுழற்றும் நாட்டார் தொடர்களை முதல்நாளே கொடுத்துப் பிள்ளையைத் திணறச் செய்வார் உளர். அவை ழகரம் வந்தவர்கள் விளையாடுவதற்கு, வராதவர்கள் கற்பதற்கல்ல.

ழகரத்திற்குப் பதில் ளகரம் சொல்லும் பிள்ளை பாதி வழி வந்துவிட்டது. நா உயர்ந்து வளைந்திருக்கிறது. முட்டியதை விடுவித்தாற் போதும். யகரம் சொல்லும் பிள்ளைக்கோ நாநுனி தாழ்ந்து கிடக்கிறது. அதற்கு உயர்த்தும் பயிற்சியே முதலில் வேண்டும். எந்தப் பிழையும் ‘பிழை’ என்ற ஒரே பெயரில் அடங்குவதில்லை.

ரகரத்தைப் பற்றி ஒரு வேடிக்கை சொல்வோம். மரத்தை ‘மலம்’ என்று சொல்லி வீட்டாரை நாணச் செய்யும் சிறுவனே, தகரப் பேணியில் சில்லுப் பூட்டி ஓட்டும்பொழுது ‘டுர்ர்ர்’ என்று மோட்டார் வண்டியை முழக்குவான். ஒலி அவனிடம் இருக்கிறது; சொல்லுக்குள் மட்டும் வரவில்லை. வண்டி ஓடும்பொழுதே ‘ர்ர்ர்...ரா, ர்ர்ர்...ரோ’ என்று அதனோடு உயிரொலியைக் கூட்டிக்கொண்டு போனால் வழி திறக்கும். ககரத்தைத் தகரமாக்கும் பிள்ளையைப் பாயில் மல்லாந்து படுக்கச் செய்து காகம் போலக் கரையச் சொல்லுங்கள். நா தானே பின்னே சரிவதால் ககரம் எளிதிற் பிறக்கும். நாநுனி பல்லிடையில் நீண்டு சகரம் குழறும் பிள்ளைக்கு ஆறு ஏழு வயதென்றால், முன்பற்கள் விழுந்திருக்கின்றனவா என்று பாருங்கள். விழுந்திருந்தாற் புதுப்பல் முளைக்கும்வரை பேசாதிருங்கள்.

செய்யத்தகாதவை சிலவும் உள. பேச்சு வரவேண்டுமென்று வசம்பைச் சுட்டுக் குழந்தையின் நாவில் உரைத்துத் தடவும் வழக்கம் இன்னும் சில வீடுகளில் இருக்கிறது. அதனால் எந்த மெய்யெழுத்தும் திருந்தியதற்குச் சான்றில்லை. அதற்கு மாறாக, வசம்பெண்ணெய் ஊட்டிய எலிகளிற் புற்றுக் கட்டிகள் உண்டாயின என்று ஆய்விற் கண்டபின், ஐக்கிய அமெரிக்கா 1968இல் வசம்பை உணவிற் சேர்ப்பதைத் தடைசெய்தது. மருந்தெனத் தக்கோர் அளந்து கொடுப்பது வேறு. பச்சிளங் குழந்தையின் நாவில் நாடோறும் உரைப்பது வேறு. கூழாங்கல்லை வாயிலிட்டுப் பேசப் பழக்கும் யோசனையைச் சொல்வாரும் உளர். கல் தொண்டையில் இறங்கினாற் பேச்சல்ல, மூச்சே நின்றுவிடும். நாவின் கீழுள்ள மெல்லிய நார் குறுகியிருப்பதே காரணம் என்று சொல்லி அதனை வெட்டிவிடச் சொல்வது இன்னொரு வழக்கம். அந்நார் மிகக் குறுகியிருந்தாற் சில குழந்தைகளுக்குப் பால் குடிப்பதில் இடர் உண்டாவது மெய். ஆனாற் பேச்சுப் பிந்துவதற்கு அது காரணமாவதில்லை. பிள்ளை நாவை நீட்டி மேலுதட்டைத் தொடுகிறதென்றால் அந்தக் கவலையை விட்டுவிடலாம். ஐயமிருந்தால் வைத்தியர் பார்த்துச் சொல்லட்டும்.

வைத்தியரிடம் போகவேண்டிய பிள்ளைகள் யார் என்பதே நாம் முன்னே சொன்ன அந்தப் ‘பெரும்பாலும்’ என்ற சொல்லின் மறுபக்கம். எல்லாவற்றினும் முதலிற் செவியைச் சோதிக்க வேண்டும். அடிக்கடி தடிமன் பிடித்துக் காதுக்குத்தும் வரும் பிள்ளைகளுக்கு நடுக்காதில் நீர் தங்குவதுண்டு. அப்பிள்ளை செவிடன்று; கூப்பிட்டால் திரும்பும். ஆனால் நீருக்குள் இருந்து கேட்பது போல எல்லாம் மங்கிக் கேட்கும். உயிரெழுத்து உரத்து ஒலிப்பது, அது தப்பிவிடும். மெய்யெழுத்து நொய்தானது; அதுவே முதலில் மறையும். கேளாத ஒலியைச் சொல்லு சொல்லு என்று வற்புறுத்தி அடித்த வீடுகளும் உண்டு என்பதை நினைக்க மனம் வருந்துகிறது. வானொலியை உரத்து வைக்கச் சொல்லும் பிள்ளை, “ஆ? என்ன?” என்று ஓயாது கேட்கும் பிள்ளை, முகத்தைப் பார்த்தாலொழிய விளங்கிக்கொள்ளாத பிள்ளை ஆகியோரின் செவியை உடனே பார்ப்பியுங்கள். இரண்டு வயதாகியும் இரண்டு சொற்களைச் சேர்த்துப் பேசாத குழந்தையையும், நான்கு வயதாகியும் அயலார்க்கு விளங்காமற் பேசும் பிள்ளையையும், வந்த பேச்சு நின்றுபோன பிள்ளையையும், குரல் மூக்கால் வரும் பிள்ளையையும் காத்திருக்க வைக்கலாகாது. பெரிய அரசினர் மருத்துவமனைகளிற் பேச்சுச் சிகிச்சைப் பிரிவுகள் உள்ளன. களனிப் பல்கலைக்கழகத்தின் றாகம மருத்துவ பீடத்தில் இத்துறைக்கெனப் பட்டப்படிப்பு நடைபெறுகின்றது. தமிழ் பேசும் சிகிச்சையாளர் தேவைக்குப் போதாமலிருப்பதே நமது குறை. உயர்தரத்தில் உயிரியல் படிக்கும் மாணவ நேயர் சிலரேனும் இத்துறையை நினைத்துப் பார்க்கலாம். பிறப்பியலைப் படித்தவர்க்கு அது முற்றும் புதியதாக இராது.

கொழும்பிலே வாழும் பெற்றோர் சிலர், “பிள்ளை தமிழும் சிங்களமும் ஆங்கிலமும் கேட்டுக் குழம்புகிறது, தமிழை விட்டுவிடச் சொல்கிறார்கள்” என்று எழுதுகின்றனர். விடவேண்டாம். பல மொழி கேட்பதனாற் பிள்ளைக்குப் பேச்சுக்குறை உண்டாவதில்லை. இன்றைய சிங்களப் பேச்சில் லகர ளகரங்களும் னகர ணகரங்களும் எழுத்தில் வேறாயினும் ஒலியில் ஒன்றாகிவிட்டன; அந்தச் சூழலில் வளரும் தமிழ்ப் பிள்ளைக்கு மனமும் மணமும் சில காலம் ஒன்றாகக் கேட்டால் அது இயல்பே. வீட்டிலே தமிழை மிகுதியாகக் கேட்கச் செய்வதே அதற்கு மருந்து. ரொறன்ரோவில் வளரும் பேரப்பிள்ளைக்குத் தொலைபேசியில் ழகரம் கற்பிக்க முயன்று களைத்த அப்பப்பா ஒருவரின் கடிதமும் எம்மிடம் உண்டு. அவருக்கு ஒரு நற்செய்தி: அந்நாட்டு ஆங்கிலத்தில் வரும் ரகர ஒலி நம் ரகரத்தினும் ழகரத்துக்கே கிட்டியது. காரைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லை அப்பிள்ளை தன் நாட்டார் போலச் சொல்லி, ஈற்றொலியை நீட்டட்டும். ழகரத்தின் வாசலில் வந்து நிற்கும். ழகரம் உலகில் தமிழுக்கு மட்டுமே உரியது என்று மேடைகளிற் சொல்வது வழக்கம்; மலையாளிகளும் அதனை நன்றாகவே ஒலிக்கின்றனர்.

வடமராட்சித் தாயாருக்கு நாம் எழுதியது இவ்வளவே. மகனுக்கு மாறுவது ழகரம் ஒன்றுதான் என்று உங்கள் கடிதத்தால் தெரிகிறது. ஒருமுறை செவியைச் சோதிப்பித்துவிட்டு, வீட்டிலே ‘ஆழ்’ விளையாட்டைத் தொடங்குங்கள். ஆனால் அதற்கு முன் ஆசிரியையைத் தனியே சந்தியுங்கள். சண்டைக்காக அல்ல. அவர் திருத்தவே எண்ணினார். வகுப்பின் முன்னே திருத்தியதுதான் பிழைத்தது. சில கிழமைக்கு அவனைத் தனியே வாசிக்கக் கேட்கும்படியும், ழகரமில்லாத சிறு வசனங்களை வகுப்பில் வாசிக்கக் கொடுக்கும்படியும் வேண்டிக்கொள்ளுங்கள். பட்டப்பெயரை நிறுத்துவதும் அவர் கையிலேதான் இருக்கிறது. பெற்றோர் சொல்லிப் பிள்ளைகள் நிறுத்துவதில்லை, ஆசிரியை சொன்னால் நிறுத்துவர். ஒலி திருந்தச் சில மாதங்கள் ஆகலாம். திருந்திய பின்னும், அவசரத்திலும் ஆத்திரத்திலும் பழைய ‘கோயி’ எட்டிப் பார்க்கும். அதனைக் கேளாதவர் போல இருந்துவிடுங்கள்.

சொல்லின் முதலெழுத்திலேயே தடைப்பட்டுக் கொன்னிப் பேசும் பிள்ளைகளைப் பற்றியும் கடிதங்கள் பல வந்துள்ளன. அதன் காரணமும் முறையும் வேறு. அடுத்த வாரம் அதனை எடுத்துக்கொள்வோம்.